கூடுதலாக ஒரு நாள்

நுழையுமுன்

மலையேற்றத்தில் நேரும் இடர்கள் பலவற்றுக்கு விதை, வீட்டில் நாள்காட்டியின் முன் அமர்ந்து திட்டம் தீட்டும்போதே விழுந்துவிடுகிறது. சிக்கிம் மாநிலத்திலுள்ள ஜோங்ரி என்னும் உயரமான இடத்திற்குச் செல்ல எத்தனை நாள் வேண்டும் என்ற ஒரே கேள்வியை இப்பாடம் ஆராய்கிறது. கேள்வி எளிது, அதற்கு விடை காண நிலவியல், அறிவியல், கணக்கு ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன.

பாடம்

வழி அறிந்தவர், வழி அறியாதவருக்கு அதன் இயல்பை எடுத்துரைத்து அனுப்பி வைப்பது தமிழில் ஒரு பழமையான இலக்கிய வகை. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம் அவ்வகையைச் சேர்ந்தது. நன்னன் என்னும் மன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியின் இடையூறுகளை அந்நூல் ஒவ்வொன்றாகக் கூறுகிறது. காட்டுப்பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களிலிருந்து எவ்வாறு தப்புவது, வழுக்கும் பாறைகளில் எப்படி நடப்பது என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. பரிசில் பெறப்போகும் மகிழ்ச்சியில் விரைபவர்களிடம், முதலில் வழியைக் கேளுங்கள் என்று சொல்வது போன்ற நூல் அது. மலைக்குத் திட்டமிட்டுச் செல்வது தமிழருக்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சான்று.

மலைபடுகடாம் கூறும் நவிர மலை தமிழ்நாட்டில் உள்ளது. இப்பாடம் கூறும் வழியோ நாட்டின் வடகிழக்கில், இமயத்தில் இருக்கிறது. சிக்கிமின் மேற்குப் பகுதியில் யுக்சோம் என்றொரு சிற்றூர் உண்டு. 1642ஆம் ஆண்டு சிக்கிமின் முதல் மன்னராகிய புன்ட்சோக் நம்கியால் முடிசூடியது இவ்வூரில்தான். இன்று கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவின் நுழைவாயிலாக அது விளங்குகிறது. 1977இல் நிறுவப்பட்ட இப்பூங்கா, 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டின் பொருட்டும் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்திய இடம் இதுவே.

யுக்சோம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பாதை அடர்ந்த காட்டினூடே, பிரெக் சூ ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது. 2,200 மீட்டரில் சாச்சென் என்னும் தங்குமிடம். ஏறத்தாழ 3,000 மீட்டரில் சோக்கா என்னும் சின்னஞ்சிறு குடியிருப்பு. சோக்கா, திபெத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தினர் குடியேறிய இடம். அதற்கு மேல் ரோடோடென்ட்ரான் மரங்கள் நிறைந்த சரிவு; அதையும் தாண்டினால் ஃபெடாங் என்னும் திறந்த வெளி. அதன்பின் மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. அங்கே, 4,000 மீட்டருக்குச் சற்று மேல், ஜோங்ரி இருக்கிறது. அருகிலுள்ள முகட்டில் விடியற்காலையில் ஏறி நின்றால் கஞ்சன்ஜங்காவும் கப்ருவும் பாண்டிமும் வரிசையாகத் தெரியும்.

தில்லியிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் ஜோங்ரிக்குச் செல்ல விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தசரா விடுமுறை 10 நாள். காலையில் தில்லியில் தொடர்வண்டி ஏறினால் மறுநாள் முற்பகலில் நியூ ஜல்பாய்குரியை அடையலாம். அங்கிருந்து ஜீப்பில் மலைப்பாதை வழியாகச் சென்றால், எல்லாம் சரியாக நடக்கும்போது, அன்றிரவுக்குள் யுக்சோம். ஆகப் போக 2 நாள், திரும்ப 2 நாள். மலைக்கு எஞ்சுவது 6 நாள்.

இந்த 6 நாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தாளில் எழுதினால் திட்டம் அழகாகவே அமையும். முதல் நாள் சாச்சென்; இரண்டாம் நாள் சோக்கா; மூன்றாம் நாள் ஜோங்ரி; நான்காம் நாள் விடியலில் முகட்டில் நின்று காட்சி கண்டு, சோக்காவுக்கு இறக்கம்; ஐந்தாம் நாள் யுக்சோம். ஒரு நாள் மிச்சமும் இருக்கிறது. நடக்க வேண்டிய தொலைவும் பெரிதன்று. கால் வலுவுள்ள எவரும் இதனை நடந்துவிடலாம்.

கால் நடந்துவிடும் என்பதுதான் இத்திட்டத்தின் சிக்கல்.

மெலிந்த காற்று

மலை உச்சியில் உயிர்வளி குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைச் சற்றுத் திருத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் உயிர்வளியின் பங்கு எல்லா உயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். மேலே செல்லச் செல்ல, நம் தலைக்கு மேலுள்ள காற்றின் சுமை குறைகிறது, காற்று மெலிகிறது. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. எனவே ஒரு முறை மூச்சை இழுத்தால் உள்ளே செல்லும் உயிர்வளியும் ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. தில்லி 215 மீட்டர் அளவிலேயே உள்ளது. அங்கே பிறந்து வளர்ந்த உடல் இந்தக் குறைவை அறியாது.

ஆயினும் உடல் திறமையானது. மூச்சை விரைவுபடுத்துகிறது, இதயத் துடிப்பைக் கூட்டுகிறது, மிகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றிக் குருதியைச் சீர்செய்கிறது, நாளடைவில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. இவற்றுள் முதலிரண்டும் உடனே நடக்கின்றன. மற்றவற்றுக்குப் பல நாள்கள் தேவை. அந்த நாள்களைத் தராமல் மேலே சென்றால் உயரநோய் வருகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால், சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல், இடைவிடாத இருமல், நேர்கோட்டில் நடக்க இயலாமை, உளறல் ஆகியவை அந்த நிலையைக் காட்டுபவை. அது உயிரைப் பறிக்கக் கூடியது. அதற்குரிய முதன்மையான மருத்துவம் உடனே கீழே இறங்குவதுதான்.

ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். நாள்தோறும் ஓடுபவர், கால்பந்து ஆடுபவர், பளு தூக்குபவர் ஆகியோருக்கும் உயரநோய் வரும். உடல் வலிமை இதைத் தடுப்பதில்லை. வலிமையுள்ளவர் விரைந்து ஏறிவிடுவதால், மெல்லச் செல்பவரைவிட அவருக்கே இடர் மிகுதியாவதும் உண்டு.

இதனால் மலை மருத்துவம் ஒரு நெறியை வகுத்திருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முதல் நாள் உறங்கிய இடத்தைவிட மறுநாள் உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு கொள்ள வேண்டும். இங்கே கணக்கிடப்படுவது உறங்கும் உயரம் என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் உயரே சென்று திரும்பலாம். இரவில் தாழ்வான இடத்தில் உறங்க வேண்டும். உண்மையில் அப்படிச் சென்று வருவது உடலைப் பழக்குகிறது.

இப்போது அந்த அழகான திட்டத்தைத் திரும்பப் பார்க்கலாம். இரண்டாம் இரவு சோக்கா, 3,000 மீட்டர். மூன்றாம் இரவு ஜோங்ரி, 4,000 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் 1,000 மீட்டர் ஏற்றம்! நெறி அனுமதிப்பதைப் போல் இரு மடங்கு. பலர் இவ்வாறே சென்று நலமாகத் திரும்பியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் திரும்பினார்கள் என்பதால் திட்டம் சரியாகிவிடாது. 12 பேரில் யாருக்குத் தலைவலி வரும் என்று தில்லியில் இருந்தபடி எவராலும் சொல்ல இயலாது.

தீர்வு சோக்காவில் கூடுதலாக ஒரு நாள். மூன்றாம் நாள் காலையில் குழுவினர் ஃபெடாங் திசையில் சில மணி நேரம் ஏறி, அங்கே சிறிது அமர்ந்திருந்து, பிற்பகலில் சோக்காவுக்கே திரும்ப வேண்டும். ஏறிய வழியை மீண்டும் இறங்குவது வீண் என்று சிறுவர்களுக்குத் தோன்றும். அந்த ஒரு நாளில் கால்கள் எதையும் சாதிக்கவில்லை. நுரையீரலும் குருதியும் சாதிக்கின்றன. மறுநாள் ஜோங்ரிக்கு ஏறும்போது, 1,000 மீட்டர் ஏற்றம் இரண்டு நாளுக்குப் பகிரப்பட்டு, நாளுக்கு 500 மீட்டர் என்ற அளவுக்கு வந்துவிடும். ஜோங்ரியிலும் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்கினால், முகட்டின்மேல் ஏறும் விடியற்காலையில் உடல் தெளிவாக இருக்கும். முதல் நாள் மேகம் மூடினாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு மிஞ்சும். ஆகப் பயணம் 7 நாளாகிறது. மழைக்கோ நோய்க்கோ ஒரு நாளை ஒதுக்கினால் 8.

விடுமுறையில் இருப்பதோ 6 நாள்.

மூன்று வழிகள்

இந்த இடத்தில்தான் திட்டமிடுபவரின் நேர்மை தெரிகிறது. அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, 5 நாள் திட்டத்தையே வைத்துக்கொண்டு, நல்லதே நடக்கும் என்று நம்புவது. பயணச்சீட்டு எடுத்தாயிற்று, மாணவர்களிடம் சொல்லியாயிற்று என்னும்போது இவ்வழி மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும்.

இரண்டாம் வழி, இலக்கை மாற்றுவது. தசரா விடுமுறையில் சோக்கா வரை மட்டும் செல்லலாம். ஒரு பகல் ஃபெடாங் வரை சென்று திரும்பி, சோக்காவில் உறங்கி, இறங்கிவிடலாம். இதற்கு 4 நாள் போதும்; 2 நாள் கையில் இருக்கும். மழைக்காலம் முடிந்த அக்டோபரில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சோக்காவிலிருந்தே 6,691 மீட்டர் உயரமுள்ள பாண்டிம் சிகரத்தைக் காணலாம். முதன்முறை இமயத்திற்குச் செல்லும் சிறுவர்களுக்கு இது குறைவான பயணமன்று.

மூன்றாம் வழி, ஜோங்ரியை விட்டுவிடாமல் காலத்தை மாற்றுவது. கோடை விடுமுறை நீண்டது. மே மாதத்தில் 8 நாள் பயணத்திற்கு இடம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் சோக்காவுக்கு மேலுள்ள சரிவுகளில் ரோடோடென்ட்ரான் மலர்கள் சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்திருக்கும். மே மாதப் பிற்பகல்களில் மேகமும் மழையும் வரலாம் என்பதால் நாள்தோறும் விடிந்தவுடன் புறப்பட வேண்டும். ஜூன் பிறந்தால் பருவமழை. பாதையில் வழுக்கலும் அட்டைகளும் பெருகும். ஆகவே மே மாதத்தின் முற்பகுதியே ஏற்றது.

இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அக்டோபரில் சோக்கா வரை சென்ற குழு, அடுத்த மே மாதத்தில் ஜோங்ரிக்குச் சென்றால், பாதியளவு பாதை பழகியதாக இருக்கும்.

நடையின் கணக்கு

நாள் கணக்கு முடிந்தபின் மணிக் கணக்கு வருகிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி எளிய விதி ஒன்றைச் சொன்னார். இன்றைய அளவையில் கூறினால், 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். யுக்சோமிலிருந்து சாச்செனுக்கு 8 கிலோமீட்டர் என்றும் ஏற்றம் 420 மீட்டர் என்றும் கொண்டால், விதியின்படி ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஆனால் நெய்ஸ்மித்தின் விதி, பழகிய மலையேறி நல்ல பாதையில் ஓய்வின்றி நடப்பதற்கு உரியது. முதுகில் பையுடன், ஓடைகளில் நின்று, படம் எடுத்து, ஒருவருக்கொருவர் காத்திருந்து நடக்கும் மாணவர் குழுவுக்கு அதனை இரு மடங்காக்கிக்கொள்வது நல்லது. உயரம் கூடக் கூட அதுவும் போதாது. குழு நடக்கும் வேகம், அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. ஆகவே அவரை முன்னால் நடக்கவிட வேண்டும். பின்னால் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து எழும் வேளையில்தான் அவர் வந்து சேர்வார். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும்.

இந்தக் கணக்கிலிருந்து, திரும்பும் நேரம் என்ற ஒன்று பிறக்கிறது. ஃபெடாங் திசையில் செல்லும் நாளில், பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முன்னிரவே முடிவு செய்துகொள்ள வேண்டும். மலையில் நிற்கும்போது, இன்னும் அரை மணி நேரம்தானே என்றுதான் மனம் சொல்லும்.

பயிற்சியைப் பயணத்திற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நகரத்தில் மலைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டே போதும். ஒரு தளத்துக்கு 3 மீட்டர் என்றால், 10 தளங்களை 20 முறை ஏறினால் 600 மீட்டர் ஆகிவிடும். முதல் வாரமே அத்தனையும் ஏற வேண்டியதில்லை. இறங்கும்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படியிலேயே இறங்குவது நல்லது; மலையில் முழங்காலை வருத்துவது இறக்கமே. புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணிவது கொப்புளங்களுக்கு வரவேற்பு. அதையும் இந்தப் படிகளிலேயே அணிந்து பழக வேண்டும்.

உடையும் உணவும்

உயரே செல்லச் செல்ல, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. யுக்சோமில் 15 பாகை இருக்கும் வேளையில் ஜோங்ரியில் பனி உறையும் நிலை இருக்கும். இதற்குத் தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய பல அடுக்குகளே ஏற்றவை: உடலை ஒட்டி வியர்வையை விரைவில் உலர்த்தும் ஆடை, அதன்மேல் கம்பளி, அதற்கும்மேல் காற்றும் மழையும் புகாத உறை. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம்; நின்றவுடன் அணிந்துகொள்ளலாம். பருத்தி ஆடை சமவெளியில் இனியது. மலையிலோ வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்யும். உயரத்தில் புறஊதாக் கதிர்கள் மிகுதி என்பதால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் ஒப்பனைப் பொருள்கள் அல்ல. தலைவிளக்கு, விசில், மழையுறை, சிறு மருந்துப்பெட்டி, தண்ணீர்க்குப்பி ஆகியவை ஒவ்வொருவரின் பையிலும் இருக்க வேண்டும். கூடாரம், உறக்கப்பை, அரிசி, பருப்பு போன்றவற்றை யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த ட்ஸோ என்னும் மாடுகள் சுமந்து வரும்.

சமையலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோங்ரியின் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை; 87 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. நீர் தளதளவென்று கொதிக்கும், பருப்போ வேகாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. எனவே பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சோறும் சாம்பாரும் கனவுதான். பூங்காவினுள் விறகு எரிக்கக் கூடாது என்பதால் எரிபொருளையும் கணக்கிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர் பருக வேண்டும். அதைக் குறைந்தது 3 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்க வேண்டும். உயரத்தில் பசி மந்தமாகும். வழியில் அடிக்கடி கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை போன்றவை உதவும். அவற்றைச் சுற்றிய உறைகள் மீண்டும் யுக்சோமுக்கே வந்தாக வேண்டும். மலையில் எதையும் விட்டு வரக் கூடாது என்பது பூங்காவின் விதி.

யுக்சோமில் அடையாளச் சான்றுகளைக் காட்டிப் பதிவு செய்து, பூங்காவுக்கான அனுமதிச் சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். உள்ளூர் வழிகாட்டி உடன் வர வேண்டும். அவருக்கு அந்த மேகங்களின் மொழி தெரியும். யுக்சோமைத் தாண்டினால் கைப்பேசியை நம்பியிருக்க இயலாது. ஆகவே எந்த நாளில் எங்கே இருப்போம், எந்த நாள் வரை செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

யார் உடன் இறங்குவார்?

திட்டத்தில் பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு. சோக்காவில் ஒரு மாணவிக்கு இரவு முழுவதும் தலைவலி; காலையிலும் குறையவில்லை. அவள் மேலே செல்லக் கூடாது; நோய் மிகுந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். உடன் யார் இறங்குவார்? ஓர் ஆசிரியர் இறங்கினால் மீதி 11 பேருக்கு ஓர் ஆசிரியர். வழிகாட்டி இறங்கினால் மேலே வழி காட்ட ஆளில்லை. இதனால்தான் இரண்டு வழிகாட்டிகளாவது தேவை என்பது புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மலையில் நின்று தெரிந்துகொண்டால், உடன் இறங்க ஆள் இல்லை என்பதற்காகவே அந்த மாணவியை மேலே அழைத்துச் செல்லும் நிலை வரும்.

இதைவிடக் கடினமானது, அவளுக்குத் தலைவலி என்பதை அறிவது. தன்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமோ என்று அஞ்சிப் பிள்ளைகள் மறைப்பார்கள். ‘எல்லோரும் நலம்தானே?’ என்று பொதுவாகக் கேட்டால், நலம் என்றே பதில் வரும். எனவே ஒவ்வொரு மாலையும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டாயா, நேற்று உறங்கினாயா, எத்தனை குப்பித் தண்ணீர் குடித்தாய்? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால், குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்க்கலாம். மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. ஆசிரியரிடம் மறைப்பதைத் தோழியிடம் மறைப்பது கடினம். உயரத்தில் தலை வலித்தால், வேறு காரணம் தெளிவாகும் வரை அதை உயரநோய் என்றே கொள்ள வேண்டும். மாத்திரை எதுவாயினும் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டே எடுத்துச் செல்ல வேண்டும்; வலியை மட்டும் மறைத்துக்கொண்டு மேலே ஏறுவது மிகவும் தவறு.

இவ்வளவும் செய்து, மே மாதத்தில், ஆறாம் நாள் விடியலில் அக்குழு ஜோங்ரி முகட்டில் நிற்கும்போது எதிரே கஞ்சன்ஜங்கா இருக்கும். 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது உயரமான சிகரம். ‘பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்’ என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். சிக்கிம் மக்கள் அதைக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். பாங் லாப்சோல் என்னும் விழாவை அதற்கென்றே எடுக்கிறார்கள். சார்லஸ் எவன்ஸ் தலைமையில் ஒரு பிரித்தானியக் குழு நேபாளப் பக்கமிருந்து அதன்மேல் ஏறத் திட்டமிட்டபோது, தெய்வத்தின் தலைமேல் கால் வைப்பதா என்று சிக்கிமில் எதிர்ப்பு எழுந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவோம் என்று எவன்ஸ் வாக்களித்தார். 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் மேலே சென்றார்கள். சில அடிகள் ஏறினால் உச்சி. மனிதக் கால் படாத உச்சி. யாரும் பார்க்கவும் இல்லை. அவர்கள் அங்கேயே நின்று, திரும்பி, இறங்கினார்கள். மறுநாள் சென்ற இருவரும் அவ்வாறே செய்தார்கள். அதன்பின் ஏறிய பலரும் அந்த வழக்கத்தைப் போற்றினார்கள்.

சொற்பொருள்

ஆற்றுப்படை – வழிகாட்டும் இலக்கிய வகை. கவண் – கல்லெறியும் கருவி. புனம் – மலைச்சாரல் விளைநிலம். பரிசில் – கொடையாகப் பெறும் பொருள். உயிர்வளி – ஆக்சிஜன். முகடு – மலையின் மேல்விளிம்பு. பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு, டிகிரி. கருவூலம் – செல்வம் சேர்த்து வைக்கும் இடம்.

பயிற்சி

1. ‘உறங்கும் உயரம்’ என்ற தொடரை இப்பாடம் எப்பொருளில் ஆள்கிறது? ஐந்து வரிகளில் எழுதுக.

2. ஆறு, படி, தளம் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றுக்கும் இரு பொருள் தருக. இப்பாடத்தில் வரும் பொருளில் ஒவ்வொன்றையும் வைத்து ஒரு தொடர் அமைக்க.

3. சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு 9 கிலோமீட்டர் தொலைவு, 1,000 மீட்டர் ஏற்றம் என்று கொண்டு, நெய்ஸ்மித் விதிப்படி ஆகும் நேரத்தைக் கணக்கிடுக. பிறகு உங்கள் வகுப்புத் தோழர்களை மனத்தில் கொண்டு அந்த நேரத்தைத் திருத்துக. திருத்தியதற்குக் காரணம் கூறுக.

4. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு குன்றுக்கோ கோட்டைக்கோ செல்லப் புதியவர் ஒருவருக்கு வழிகூறும் உரைநடை ஆற்றுப்படை ஒன்றை எழுதுக. அவர் எங்கே நின்று திரும்பிவிட வேண்டும் என்பதையும் அதில் சொல்லுக.

5. குழுவில் உன் இணையாக வந்த தோழிக்கு இரவில் தலைவலி. ‘யாரிடமும் சொல்லாதே, நாளைக்குச் சரியாகிவிடும்’ என்கிறாள். உங்கள் இருவருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.